'டாங்க்' என்றால் குளமா, தொட்டியா, பீரங்கி வண்டியா?

கடலோரப்பேனா | திங்கள் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன உதவி கேட்கலாம் என்றுதான் வந்தேன். எழுத எழுதப் பெரிதாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலை மாவட்டத்தின் நீர்ப் பிரச்சினை பற்றிய ஆங்கில அறிக்கை ஒன்றைத் தமிழாக்கும் வேலை கிடைத்திருக்கிறது. யார் கொடுத்தார்கள் என்பது வேண்டாம். அவர்களே கணினியில் போட்டு எடுத்த தமிழையும் சேர்த்து அனுப்பி, "இதைக் கொஞ்சம் திருத்தித் தந்தால் போதும்" என்றார்கள். திருத்துவதற்குப் பாதிக் கூலிதான் என்பது உங்களுக்குத் தெரியாததா.

இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். "சேதமடைந்த சிறிய பீரங்கி வண்டிகள் சீரமைக்கப்பட்டு, பெரும்போகத்துக்கு முன் விவசாயிகளிடம் ஒப்படைக்கப்படும்" என்று இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார்.

மூலத்தில் இருப்பது 'டாங்க்' என்ற ஒரு சொல்தான். அதே சொல் அடுத்த பந்தியில் 'கந்தளாய்த் தொட்டி' ஆகியிருக்கிறது. சீனக்குடாவில் எண்ணெய் சேர்த்து வைக்கும் இடம் 'தொட்டிப் பண்ணை'. முன்னுரை எழுதிய ஆய்வு நிறுவனம், அதாவது 'திங்க் டாங்க்', ஒரு 'சிந்தனைத் தொட்டி'. இவை போக, வீட்டுக்கு வீடு கொடுக்கப்போகும் பிளாஸ்டிக் டாங்க், பள்ளிக்கூடக் கழிப்பறையின் செப்டிக் டாங்க். பன்னிரண்டு பக்கத்தில் 41 இடத்தில் இந்தச் சொல் வருகிறது.

ஒரே தமிழ்ச் சொல்லால் ஒப்பேற்ற வழி உண்டா? இல்லையென்றால் எதை எங்கே போடுவது?

தம்பலகாமத்தான் | திங்கள் இரவு 9.52

கந்தளாய்த் தொட்டியா? அதில் மாடு குளிப்பாட்டலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள் தங்கச்சி.

குளம். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

டொக்யார்ட்_பேரன் | திங்கள் இரவு 10.15

விவசாயிக்குப் பீரங்கி வண்டி கொடுத்தால் யானை வராது. நல்ல திட்டம்தான், ஏன் திருத்துகிறீர்கள்?

சரி, விளையாட்டை விடுவோம். சீனக்குடா விடயத்தில் எனக்குச் சொல்ல இருக்கிறது. நாளை வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய் காலை 6.10

பிள்ளை, கணினியின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். வகுப்பிலும் இதே கூத்துதான். நம்முடைய பாடப்புத்தகங்களில் வரும் ஆங்கிலத்தில் 'டாங்க்' என்றால் முதலில் குளம். லண்டனிலோ நியூயோர்க்கிலோ ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவருக்குக் குளம் நினைவுக்கே வராது. கணினி தின்று வளர்ந்தது அவர்களுடைய ஆங்கிலத்தை. கந்தளாயை அது எங்கே கண்டது?

வேடிக்கை என்னவென்றால், சொல் பிறந்த ஒழுங்கில் பார்த்தால் குளம்தான் மூத்த பிள்ளை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு ஒரே பொருள்: இந்தியப் பக்கத்தில் குடிக்கவும் பயிருக்குப் பாய்ச்சவும் நீர் தேக்கி வைக்கும் குளம். குஜராத்தி, மராத்தி மொழிகளில் 'டாங்க்', 'டாங்கே' என்றெல்லாம் ஒலிக்கும் சொற்கள் உண்டு. ராஜஸ்தானின் பாலைவனப் பகுதியில் மழைநீரைச் சேர்க்கும் நிலத்தடித் தொட்டியை இன்றும் 'டாங்கா' என்றே சொல்கிறார்கள். அதற்கும் பின்னால் வடமொழித் 'தடாகம்' நிற்கிறது என்று சிலர் சொல்வார்கள். போர்த்துக்கீசரிடமும் 'டாங்கே' என்று ஒரு சொல் இருந்தது. ஓடும் நீரை மறித்து நிறுத்துவதைக் குறிக்கும் அவர்களுடைய வினையிலிருந்து வந்தது அது. 1886-இல் வந்த ஹொப்சன்-ஜொப்சன் என்ற அகராதி இதைப் பிடித்துக்கொண்டு திணறுகிறது. ஒரு வேர் இந்தியாவில், ஒரு வேர் ஐரோப்பாவில் என்று இரட்டைப் பிறப்புள்ள, ஆளைக் குழப்பும் சொற்களில் இதுவும் ஒன்று என்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். கோயில் குளங்களைச் சுற்றி நடந்த மனிதர்.

போர்த்துக்கீசர் நமக்குக் கதிரை தந்தார்கள், வாங்கு தந்தார்கள், பாண், சாவி, அலுமாரி எல்லாம் தந்தார்கள். கோணேசர் கோயிலை 1622-இல் இடித்துவிட்டு அந்தக் கல்லில் கோட்டையும் கட்டினார்கள். 'டாங்கே' என்ற சொல்லை மட்டும் நம் வாயில் வைத்துவிட்டுப் போக அவர்களால் முடியவில்லை. நம்மிடம் குளமும் இருந்தது, அதற்குச் சொல்லும் இருந்தது.

மயிலாப்பூர்_வாசி | செவ்வாய் காலை 8.30

சென்னையிலிருந்து ஒரு குரல். எங்கள் ஊரிலும் கபாலி கோயில் குளத்துக்கு ஆங்கிலத்தில் டேங்க்தான். ஆனால் தெருவில் 'டேங்க்' என்று யாராவது கத்தினால் அது மொட்டை மாடியில் தண்ணீர் நிரம்பி வழிகிறது என்று பொருள். மோட்டாரை நிறுத்த ஓட வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் ஊர்ச் செய்திகளில் 'நீர்த்தாங்கி', 'யுத்தத் தாங்கி' என்று எழுதுகிறார்களே, அது என்ன தாங்கி? எதைத் தாங்குகிறது? நாங்கள் தொட்டி என்போம், இல்லாவிட்டால் டேங்க் என்றே விட்டுவிடுவோம்.

கிண்ணியா_நானா | செவ்வாய் காலை 9.05

எங்கள் வாப்பா கடைசிவரை 'ராங்கி' என்றுதான் சொன்னார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழுச் செய்யும் இடத்துக்கு மேலே ஒரு பெரிய சீமெந்து ராங்கி இருந்தது. ரயர், ராங்கி, ரக்ரர் எல்லாம் அவருக்கு ஒரே குடும்பம். பிறகு பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் 'தாங்கி' என்று எழுதச் சொன்னார்கள். வாப்பா சொல்வது கொச்சை, புத்தகத்தில் இருப்பது தமிழ் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் இரண்டும் ஒரே ஆள், ஒருவர் சட்டை மாற்றியிருக்கிறார் போல.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய் காலை 9.40

நானா சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். 'தாங்கி' வெறும் ஒலிபெயர்ப்பு என்றும் சொல்ல முடியாது, முழுத் தமிழ் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஒலி வெளியிலிருந்து வந்தது. வந்த வீட்டில் 'தாங்கு' என்ற வினை ஏற்கெனவே குடியிருந்தது. சுமைதாங்கி, இடிதாங்கி என்று பெயரும் ஆக்கி வைத்திருந்தோம். தெருவோரம் தலைச்சுமையை இறக்கி வைக்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோனவளின் நினைவாக நாட்டுவார்கள். அந்தச் சொல் புழங்கிய காதில் 'டாங்கி' விழுந்தால் அது 'தாங்கி' என்று கேட்பதில் அதிசயம் இல்லை. ஆயிரம் லீற்றர் நீரைத் தாங்கி நிற்பது தாங்கி. பொருளும் உட்கார்ந்துவிட்டது.

இப்படிச் சொல் கிடைத்தால் விடக் கூடாது என்பது என் கட்சி. பிளாஸ்டிக் டாங்க் எல்லாவற்றுக்கும் 'நீர்த்தாங்கி' போடுங்கள், பிள்ளை. தொட்டி என்றால் இங்கே மாட்டுத்தொட்டி, மீன்தொட்டி. மேலே மூடி இல்லாதது. மயிலாப்பூர்த் தம்பிக்கு அது சரி, நமக்கு ஒட்டாது.

லெவல்_எண்பது | செவ்வாய் பகல் 1.20

ஐயா, இது தெரியாமலே நாங்கள் சரியாகச் சொல்லியிருக்கிறோம்! ஒன்லைன் விளையாட்டில் குழுவாகப் போகும்போது ஒருவர் 'டாங்க்'. அவருக்கு உயிர் அதிகம், கவசம் அதிகம். எதிரி அடிப்பதையெல்லாம் தன் பக்கம் இழுத்து வாங்கிக்கொள்வதுதான் அவர் வேலை. பின்னால் ஒருவர் அவருக்கு மருந்து போட்டுக்கொண்டே இருப்பார், மற்றவர்கள் எதிரியை முடிப்பார்கள். எங்கள் குழுவில் "மச்சான், நீ தாங்கு" என்றுதான் சொல்வோம்.

அப்படியென்றால் அவர் 'அடிதாங்கி' தானே?

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய் பகல் 1.34

தம்பி, இதற்கு முன் படிப்பித்த பிள்ளைகள் யாரும் இப்படி ஒரு விடை தந்ததில்லை. அந்தப் பொருள் போர் வண்டியிலிருந்து கிளைத்தது. ஆங்கிலத்தில் 'தாங்குதல்' அதில் கிடையாது. தமிழில்தான் சொல்லும் வேலையும் ஒன்றாகின்றன.

டொக்யார்ட்_பேரன் | செவ்வாய் மாலை 6.45

வந்துவிட்டேன். சீனக்குடாவைத் 'தொட்டிப் பண்ணை' என்று எழுதிய கணினிக்கு ஒரு கும்பிடு.

அம்மப்பா டொக்யார்டில் வேலை செய்தவர், அதனால்தான் இந்தப் பெயர். சின்ன வயதில் சீனக்குடா பக்கம் போனால் காட்டுக்குள் வட்ட வட்டமாகக் கறுத்த இரும்புச் சுவர் தெரியும். மரம் மூடி, கொடி ஏறி, ஏதோ பழைய கோயில் மாதிரி இருக்கும். இப்போது 99 இருக்கின்றன. பிரித்தானியர் தங்கள் கடற்படைக் கப்பல்களுக்கு எண்ணெய் சேர்த்து வைக்க இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டத் தொடங்கியவை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டு போட வந்தபோது ஒரு விமானம் இந்த எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் மேல் விழுந்து, அது நாட்கணக்கில் எரிந்தது. அந்தப் புகையைப் பார்த்துவிட்டு ஊரே மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்டதாக அம்மப்பா சொல்வார்.

ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் பிடிக்கும். 2022 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டு, 14 தாங்கியை இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24-ஐ பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், மிச்சம் 61-ஐ இரண்டு பேரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் பிரித்தார்கள். அதே ஆண்டு நடுப்பகுதியில் நானும் நீங்களும் எங்கே நின்றோம்? பெற்றோல் வரிசையில். கியூஆர் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வரிசையில் நிற்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன், வேறு வேலை இல்லையே. ஒரே ஒரு தாங்கி நிரம்பியிருந்தால் 30 இலட்சம் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கிழமை ஓடும். 99 டாங்க் இருக்கிற ஊரில் என்னுடைய டாங்க் காலி. அப்போது 'டாங்க்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். நம்முடைய பத்திரிகைகள் இதற்கு எழுதுவது 'எண்ணெய்க் குதங்கள்'. அதையே போடுங்கள். பண்ணை வேண்டாம், அங்கே ஆடு மாடு வளர்க்கவில்லை.

மயிலாப்பூர்_வாசி | செவ்வாய் மாலை 7.10

ஐயோ! 'குதம்' என்றால் இங்கே மருத்துவர் மட்டும் பயன்படுத்துகிற சொல். உடம்பில் எந்த இடம் என்று நான் சொல்லத் தேவையில்லை. 'திருகோணமலைக் குதங்களில் இந்தியா முதலீடு' என்று உங்கள் பத்திரிகைத் தலைப்பை நான் ஒருமுறை பார்த்து, தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

கிண்ணியா_நானா | செவ்வாய் மாலை 7.18

எங்களுக்கு அது தோன்றியதே இல்லையே! இப்போது சொல்லிவிட்டீர்கள். இனிப் பத்திரிகை வாசிக்கிறபோதெல்லாம் உங்களைத்தான் நினைப்பேன்.

வாப்பாவின் தலைமுறைக்குக் குதம் என்றால் சாமான் சேர்த்து வைக்கிற ஸ்டோர். நெல்லுக் குதம், சீமெந்துக் குதம். சிங்களத்திலும் 'குதம' என்று அதையேதான் சொல்கிறார்கள்.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய் இரவு 8.25

இரண்டும் வேறு வேறு சொற்கள். எழுத்து மட்டும் ஒன்று. உடம்பின் குதம் வடமொழி. பண்டசாலையின் குதம் கடல் வழியாக வந்தது. ஆங்கிலத்தில் 'கோடவுன்' என்கிறார்களே, அதன் உறவு. மலாயில் 'குடாங்', போர்த்துக்கீசர் வாயில் 'குடாவ்'.

இனித்தான் சுவையான இடம். அந்த மலாய்ச் சொல்லே தெலுங்கின் 'கிடங்கி', தமிழின் 'கிடங்கு' ஆகியவற்றிலிருந்து போனதாக நான் முன்னே சொன்ன அகராதி கருதுகிறது. 'கிட' என்ற வினை. பொருள்கள் கிடக்கிற இடம் கிடங்கு. அது சரியென்றால், நாங்கள் கப்பலில் ஏற்றி அனுப்பிய கிடங்கு மலாய்க்கரை போய், போர்த்துக்கீசர் கப்பலில் ஏறி, சிங்களத்தைத் தொட்டுக்கொண்டு, குதமாகி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. நாங்களும் யாரோ விருந்தாளி என்று கதிரை போட்டிருக்கிறோம். டாங்க் ஒரு பக்கம் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய்ச் சீனக்குடாவில் இறங்கியது. அதை மொழிபெயர்க்க எடுத்த சொல்லும் அதே மாதிரி ஊர் சுற்றியது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பொருத்தமான சோடி.

கடலோரப்பேனா | செவ்வாய் இரவு 9.00

வாத்தியார் ஐயா, மிக்க நன்றி. ஆனாலும் 'குதம்' போட எனக்குக் கை வரவில்லை. அறிக்கை தமிழ்நாட்டுக்கும் போகிறதாம். 'எண்ணெய்த் தாங்கித் தொகுதி' என்று போட்டால் குறையா?

டொக்யார்ட்_பேரன் | செவ்வாய் இரவு 9.12

மயிலாப்பூர்க்காரர் ஒருவர் சிரித்தார் என்பதற்காக ஊர்ச் சொல்லை விடுவதா? எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் பேர் போடுகிற வேலை, உங்கள் விருப்பம்.

லெவல்_எண்பது | செவ்வாய் இரவு 9.30

போர் வண்டிக்கு ஏன் டாங்க் என்று பெயர் வந்தது? அது தண்ணீரும் வைப்பதில்லை, எண்ணெயும் வைப்பதில்லை.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய் இரவு 10.05

அது ஒரு பொய்யிலிருந்து வந்த பெயர், தம்பி. 1915-இல் பிரித்தானியர் அதை இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் இரகசியமாகச் செய்தார்கள். முதலில் வைத்த பெயர் 'தரைக்கப்பல்'. அந்தப் பெயர் வெளியே தெரிந்தால் எதிரிக்கு விளங்கிவிடும். இரும்புப் பெட்டி மாதிரி இருந்ததால், பாலைவனப் போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று கதை கட்டினார்கள். கொள்கலன், நீர்த்தேக்கம் என்ற பொருளில் வேறு பெயர்களையும் யோசித்து, கடைசியில் ஒரே அசையில் சொல்லி முடிக்கலாம் என்று 'டாங்க்' வைத்தார்கள். 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்சின் சொம் போர்முனையில் முதல்முறை இறக்கினார்கள். ஒதுக்கிய 49-இல் புறப்படும் இடம்வரை வந்து சேர்ந்தவை 32தான், மிச்சம் வழியிலேயே பழுது. பொய்ப்பெயர் மட்டும் பழுதாகாமல் ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர் 'கவசம்' என்று பொருள்படும் தங்கள் சொல்லை வைத்துக்கொண்டார்கள். ரஷ்யர் 'டாங்க்' என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆகக் கணினி குளத்தைப் பீரங்கி வண்டி ஆக்கியது ஒரு வகையில் பழைய பொய்யைத் திருப்பிச் சொன்னதுதான். அவர்கள் போர் வண்டியைத் தண்ணீர் என்றார்கள். இது தண்ணீரைப் போர் வண்டி என்கிறது.

கிண்ணியா_நானா | செவ்வாய் இரவு 10.20

எங்கள் பிள்ளைகள் பிறந்த காலத்தில் 'தாங்கி வருகுது' என்றால் தண்ணீர் பவுசர் வருகிறது என்று யாரும் குடத்தோடு ஓடவில்லை ஐயா... சரி, அதை விடுவோம்.

தம்பலகாமத்தான் | புதன் காலை 5.30

இரண்டு நாளாக எல்லாம் வாசித்தேன். முந்தாநாள் ஒரு சொல்லில் பதில் சொன்னது போதாது என்று தோன்றியது. வாத்தியார் சொன்ன 'தாங்குகிறது' என்பது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

குளம் தாங்கி அல்ல. அது நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பதில்லை. குளம் என்றால் கட்டு இருக்க வேண்டும், நீரைத் திறந்துவிடத் துருசு இருக்க வேண்டும், மேலதிக நீர் போக வான் இருக்க வேண்டும், கீழே வாய்க்கால், அதற்குக் கீழே வயல். மேலே நீர் வந்து சேரும் காடு. இவ்வளவும் சேர்ந்துதான் குளம். மழை கூடினால் "குளம் வான் பாயுது" என்று ஊர் முழுக்கப் பார்க்கப் போவோம். ஒரு பிளாஸ்டிக் டாங்க் வழிந்தால் அது பழுது; குளம் வழிந்தால் அது நல்ல வருடம். சின்னக் குளங்களில் ஒன்றின் வான் நீர் அடுத்ததற்குப் போகும், அது நிரம்பி அதற்கடுத்ததற்கு. இந்தக் குளத்தொடர்களைத்தான் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017-இல் உலக முக்கியத்துவம் உள்ள விவசாய மரபு என்று ஏற்றுக்கொண்டது. அங்கேயும் ஆங்கிலத்தில் 'டாங்க்'தான். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கும், வாசிப்பவருக்கு?

தாங்காமலும் போகும். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் கட்டு உடைந்தது. எனக்கு ஏழு வயது. 120 பேருக்கு மேல் செத்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு அப்பாவோடு போனேன், சேற்றில் ஒரு தையல் மெசின் தலைகீழாகக் கிடந்தது மட்டும் நினைவு இருக்கிறது. அந்தக் குளத்தை 'தொட்டி' என்று எழுதினால் வேடிக்கையாக இருக்கிறது, சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிக்க முடியவில்லை.

அதனால் தங்கச்சி, 41 இடத்தையும் ஒரே சொல்லில் கட்ட முடியுமா என்று கேட்டீர்களே, கட்ட வேண்டாம். ஆங்கிலத்துக்கு ஒரு சொல்தான் இருக்கிறது, அது அவர்கள் கஷ்டம். நமக்குக் குளம், கேணி, துரவு, மடு, தொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்கும்போது ஏன் குறைக்க வேண்டும்?

டொக்யார்ட்_பேரன் | புதன் காலை 7.00

அண்ணா, விடியக்காலையில் இப்படி எழுதி வைத்திருக்கிறீர்களே. இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்று: கந்தளாயைக் கட்டியது குளக்கோட்டன் என்பதை அறிக்கையில் போடச் சொல்லுங்கள். குளமும் கோட்டமும் கட்டியவன் என்பதால்தான் அந்தப் பெயரே.

மலைநாட்டு_வழிப்போக்கன் | புதன் காலை 7.40

மகாவம்சத்தின் தொடர்ச்சியில் அது இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதாக இருக்கிறதே?

மட்டுறுத்துநர் | புதன் காலை 7.52

அந்தச் சண்டைக்கு ஏற்கெனவே 300 பதிவு தாண்டிய தனி இழை இருக்கிறது. அங்கே போங்கள். இங்கே சொல்லைப் பற்றி மட்டும்.

லெவல்_எண்பது | புதன் பகல் 12.15

'டாங்க் டொப்' விட்டுப்போய்விட்டது. கையில்லாத பெனியனுக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு?

ஓய்வு_வாத்தியார் | புதன் பகல் 12.40

அமெரிக்காவில் ஒரு காலத்தில் நீச்சல் குளத்தையும் டாங்க் என்றார்கள். அதில் குளிக்கப் போடும் உடுப்பு டாங்க் உடுப்பு, அதன் மேற்பாதி மாதிரி இருப்பது டாங்க் டொப். பெனியனுக்குள்ளும் ஒரு குளம் இருக்கிறது, பார்த்தீர்களா.

இன்னும் கிடக்கிறது. பங்குச்சந்தை படுத்தால் 'டாங்க்' ஆனது என்பார்கள், வேண்டுமென்றே ஆட்டத்தைத் தோற்றாலும் அதே. மூக்கு முட்டக் குடித்தவனுக்கும் டாங்க், அவனைப் பிடித்து அடைக்கும் பொலிஸ் அறைக்கும் டாங்க். எல்லாம் அறிக்கைக்கு வேண்டாதவை. பிள்ளைக்கு வேலை முடிய வேண்டும்.

மயிலாப்பூர்_வாசி | புதன் பகல் 1.05

'சிந்தனைத் தொட்டி' மிச்சம் இருக்கிறது. எங்கள் பத்திரிகைகளில் 'சிந்தனைக் குழு'.

கடலோரப்பேனா | புதன் இரவு 8.50

நாங்கள் 'சிந்தனைக் குழாம்' என்போம், அதையே போட்டேன். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் 'திங்க் டாங்க்' மண்டையைத்தான் குறித்தது, ஆய்வு நிறுவனங்களுக்குப் பிறகுதான் வந்தது என்று தேடிப் பார்த்தேன். மண்டையைத் தொட்டி என்பது நம் ஊர் வசவுக்கும் பொருந்தும்.

இன்று முழுக்க உட்கார்ந்து 41-ஐயும் முடித்தேன். குளம் வந்த இடமெல்லாம் குளம். அப்படி வந்தவை மட்டும் 23. அறிக்கையில் பாதிக்கு மேல் குளம் பற்றியது என்பதே எனக்கு எண்ணிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வீட்டுக்குக் கொடுப்பவை நீர்த்தாங்கி. பள்ளிக்கூடத்தில் இருப்பது மலக்குழி. அப்பா 'கொஞ்சம் நாகரிகமாக' என்றார், அம்மா 'அது நாகரிகமாக இருந்து என்ன செய்யப்போகிறது' என்றார், அதனால் மலக்குழி. பீரங்கி வண்டிகள் எல்லாவற்றையும் களத்திலிருந்து திருப்பி எடுத்துவிட்டேன்.

சீனக்குடாவில் முதல் இடத்தில் 'எண்ணெய்க் குதங்கள் எனப்படும் எண்ணெய்த் தாங்கிகள்' என்று போட்டு, பிறகு தாங்கி என்றே விட்டேன். டொக்யார்ட் அண்ணா கோபிக்க வேண்டாம்.

திருத்தக் கூலிக்கு இவ்வளவு வேலை செய்ய முடியாது என்று அவர்களுக்கு எழுதி, பீரங்கி வண்டி வரியையும் மேலே ஒட்டி அனுப்பினேன். முழுக் கூலிக்குச் சம்மதித்திருக்கிறார்கள்.

டொக்யார்ட்_பேரன் | புதன் இரவு 9.02

கோபம் இல்லை. முழுக் கூலியில் ஒரு ஃபுல் டாங்க் எனக்கு.

தம்பலகாமத்தான் | புதன் இரவு 9.15

அந்த 23-இல் எங்கள் பக்கத்துச் சின்னக் குளங்களின் பெயர் இருக்கிறதா தங்கச்சி? இருந்தால் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள். போன முறை வந்த பட்டியலில் ஒரே குளம் இரண்டு பெயரில் இரண்டு தரம் இருந்தது. பக்கத்துக் குளம் ஒரு தரம்கூட இல்லை.